பேஸ் தனியாக வரும் இடம்

அப்பாவின் குரல் கீழே இறங்கத் தொடங்கியபோது எங்கள் கொயரில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கோயம்புத்தூரில் எங்கள் சபையின் பாடகர் குழுவான இந்தக் கொயரில் அப்பா முப்பது வருடம் பேஸ் பாடியவர். நான்கு குரல்களில் அதுதான் அடியில் கிடப்பது. மெட்டு மேலே பெண்களிடம் இருக்கும். பேஸ் பாடுகிறவர்கள் அதற்குக் கீழே தரை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். எனக்கு நேர் பின்னால் மூன்று பேஸ்காரர்கள் நிற்பார்கள், நடுவில் அப்பா. அவருக்கு வலப்பக்கம் நிற்பவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் இருபது வருடமாக ஒரே நோட்டைப் பார்த்துப் பாடுகிறவர்கள். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அறுப்பின் பண்டிகைக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் சுரங்களை டோ, ரே, மி, ஃபா, சோ என்று எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுவோம். அன்று ஒரு பாட்டின் முடிவில், அப்பாவுக்கு அதுவரை எட்டாமலே இருந்த, மாமாவுக்கு மட்டும் எட்டுகிற கீழ்ச் சோ எட்டியது. எட்டியது மட்டுமல்ல, நின்றது. என் முதுகில் அது அதிர்ந்தது. கொயர் மாஸ்டர் ஆர்கனை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க, இத்தன வருசமா இந்தக் கொரல எந்தப் பொட்டியில பூட்டி வெச்சிருந்தீங்க?"

"மில்லுல மறந்து வெச்சுட்டு வந்துட்டாருங்க. இப்பத்தான் வாட்ச்மேன் குடுத்தனுப்பியிருக்கான்" என்றார் மாமா. அப்பா மில்லில் வேலை பார்த்தவர்.

எல்லோரும் சிரித்தோம். அந்த மாதம் முழுவதும் கொயர் மாஸ்டர் கீழ்ச் சோ வருகிற பாட்டுகளாகத் தேடி எடுத்தார். அப்பாவும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர் மாதிரி வீட்டில் அதையே முனகிக்கொண்டிருந்தார்.

நான் வேலை செய்வது ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில். சத்தமும் அதிர்வும் என் பொறுப்பு. ஒரு பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் சத்தம்தான் மாறும். சூடாவதும் உடைவதும் பிறகு. அந்த மாற்றத்தைக் கேட்டுப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூன்று மாதம் அப்பாவின் குரலை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு நின்றேன். என் நோட்டில் எழுதியும் வைத்தேன்: 'அப்பா, கீழ்ச் சோ, நன்றாக நிற்கிறது.'

பேச்சிலும் கரகரப்பு வந்த பிறகுதான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பாட்டுப் பாடுவதால் தொண்டை கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டதாக அப்பா சொன்னார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி, சதையெடுத்துச் சோதனை, முடிவுக்காகப் பத்து நாள். புற்று. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், அப்புறம் கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு, பேச்சு வராது என்று அங்கே படம் போட்டு விளக்கினார்கள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆபரேசன் ஞாயித்துக்கெழமைக்கு மொதல்லீங்களா, அப்புறமுங்களா?"

மூன்று வாரம் கழித்து என்றார்கள்.

மூன்று வாரத்தில் செய்ய வேண்டியவை என்று நான் ஒரு பட்டியல் போட்டேன். காப்பீட்டுக் காகிதங்கள், ரத்தம் கொடுக்க ஆட்கள், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தங்க இடம். ஏழாவதாக, 'அப்பா பாடுவதைப் பதிவு செய்ய வேண்டும்' என்று எழுதினேன். அவர் பேசிய குரல் அங்கங்கே இருந்தது. ஒரு கல்யாண வீடியோவில் யாரையோ சாப்பிட்டீர்களா என்று கேட்பார். பாடிய குரல் மட்டும் எங்குமே இல்லை. கொயரில் பின்வரிசையில் நிற்கும் பேஸ்காரரைத் தனியாக யார் பதிவு செய்வார்கள்?

எதைப் பாட வைப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஆராதனை முடிவில் எங்கள் போதகரான ஐயர் கையை உயர்த்திச் சொல்கிற ஆசீர்வாதம். ஆண்டவர் உன்னைக் காப்பார், தம் முகத்தை உன் பக்கம் திருப்புவார் என்று போய், சமாதானம் என்பதில் முடியும். எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தின் கடைசியிலும் அப்பா அதைத்தான் சொல்வார், பாட்டாக இல்லாமல் வெறும் பேச்சாக. கொயரில் அதே வார்த்தைகளுக்கு நான்கு மெட்டமைப்புகள் வைத்திருந்தோம். நான்கில் எது என்பதுதான் கேள்வி. கொயர் மாஸ்டர் என்னிடமே விட்டுவிட்டார்.

முதலாவது பழையது. யார் அமைத்தது என்று எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது. வெள்ளகோவில் பக்கம் அப்பாவின் ஊர்க் கோயிலிலும் அதைத்தான் பாடுவார்கள். காட்டு வேலை முடித்து வந்தவர்கள் சுரம் படிக்கத் தெரியாமலே நான்கு குரலையும் காதால் பிடித்துப் பாடிய பாட்டு. ஒரு எழுத்துக்கு ஒரு சுரம், நான்கு குரலும் சேர்ந்தே நடக்கும், சேர்ந்தே நிற்கும். சமாதானம் என்ற இடத்தில் பேஸ் படிப்படியாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்டால் வேலை முடிந்து கதவைச் சாத்துவது போல இருக்கும்.

இரண்டாவது வெளிநாட்டு அமைப்பு, தமிழ் வார்த்தைகளை அதற்குள் பிற்பாடு திணித்தது. நீட்ட வேண்டிய எழுத்துக்குச் சின்னச் சுரமும் குறுக வேண்டிய எழுத்துக்குப் பெரிய சுரமும் கிடைக்கும். கீழே விழுந்துவிடக் கூடாதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது போலத்தான் அதைப் பாடுவோம். ஆனால் அதன் முடிவில் ஏழு ஆமென்கள் உண்டு. அந்த இடத்துக்காகவே அதை வருடத்துக்கு இரண்டு முறை பாடுவோம். எல்லாக் குரலும் ஓய்ந்த பிறகு முதல் ஆமெனை பேஸ் தனியாகத் தொடங்கும், இரண்டு பார் தூரத்துக்கு, அதாவது இரண்டு தாளச் சுற்று. எங்கள் சபையில் அதை மூன்று பேரும் பாடுவதில்லை, ஒருவர்தான் தொடங்குவார். இருபது வருடமாக அந்த ஒருவர் அப்பா.

மூன்றாவது, முன்பிருந்த கொயர் மாஸ்டர் நீலாம்பரியில் போட்டது. வயலினும் தபேலாவும் வேண்டும். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருகிற குழந்தைகள் அதைக் கேட்டு நிஜமாகவே தூங்கிவிடும். நான்கில் வார்த்தைக்கு மிகவும் பொருந்திய மெட்டு அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதில் ஆண்களுக்கு வேலை இல்லை. சுருதிப் பெட்டி மாதிரி ஒரே சுரத்தில் ஊம் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காவது வாலிபர் கூட்டத்துடையது. கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார். சமாதானம் என்ற வார்த்தை பன்னிரண்டு முறை வரும். அதைப் பாடும் நாளில் மாமா நோட்டை மூடி வைத்துவிட்டு, "நம்ம வேலைய அந்த வயரு பாத்துக்கும்ங்க, ஒக்காருங்க" என்பார்.

இந்த நான்கையும் ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டேன். பேஸின் மிகக் கீழ்ச் சுரம். ஒரே மூச்சில் பாட வேண்டிய நீளமான வரி, நொடிகளில். மொத்த மூச்சு எத்தனை. சமாதானம் என்ற இடத்தில் பேஸ் என்ன செய்கிறது. கடைசிப் பத்தி, 'பேஸ் தனியாக வரும் இடம்'. அந்தப் பத்தியில் இரண்டாவதற்கு நேராக 'உண்டு' என்று எழுதிச் சிவப்பு அடித்தேன். தனியாக வரும் இடத்தில் குரல் உடைந்தால் மறைக்க ஆள் இல்லை. நீண்ட மூச்சும் அதில்தான் அதிகம். முதலாவதற்கு எல்லாப் பத்தியும் பச்சை.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். அவருடைய விரல் இரண்டாவது வரியில் நின்றது.

"இதுல பேஸு தனியா வருமே" என்றார்.

"அதனாலதானுங்கப்பா வேண்டாம்னு போட்டிருக்கேன். அங்க போயி கொரல் ஒடஞ்சுட்டா?"

விரலை எடுத்துவிட்டார். "செரி கண்ணு. நீ கணக்குப் போட்டாச் செரியாத்தான் இருக்கும்."

சனிக்கிழமை மத்தியானப் பயிற்சியில் பதிவு செய்தோம். அதற்கென்று ஒரு ரெக்கார்டர் வாங்கியிருந்தேன். அதை அப்பாவுக்கு முன்னால் வைக்கப் போனேன். "என்ர மூஞ்சிக்கு நேரா எதுக்கு அம்மணி? எல்லாத்துக்கும் நடுவால வை" என்றார். நடுவில் வைத்தேன். அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழைய பாட்டை மூன்று முறை பாடினோம். கொயர் மாஸ்டர் வழக்கமாக பேஸ்காரர்களை, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி முனகுவதாகச் சொல்லி வம்புக்கு இழுப்பார். அன்று நேராக ஆர்கனைத் தொடங்கினார். மூன்றாவது முறை சுத்தமாக வந்தது. ஒரு இடம்கூட அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கீழ்ச் சோ வந்து உட்கார்ந்தது. பட்டியலில் ஏழாவதை அடித்தேன்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கழுத்தில் துளை, அதில் ஒரு குழாய், இருமினால் அங்கிருந்துதான் சளி வரும். அதை உறிஞ்சி எடுக்க எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து அப்பா முதன்முதலாக உதட்டை அசைத்தார். நான் பேப்பரும் பேனாவும் எடுக்க ஓடினேன். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார், "சொல்லிட்டனுங்க, அடுத்த வாரம் வரைக்கும் பால் வேண்டாம்னு."

அம்மாவும் அப்பாவும் ஒரே ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்கள். ஓடுகிற மெஷின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோருக்கும் வாயசைப்புதான் பேச்சு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இருவரும் சமையலறைக்கும் வாசலுக்குமாக நின்றுகொண்டு சத்தமில்லாமல் பேசுவார்கள். என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று அழுவேன். எனக்கு அது பிடிபட்டதே இல்லை. இப்போது அப்பாவின் எல்லாப் பேச்சும் அந்தப் பேச்சாகிவிட்டது. வீட்டில் நான் ஒருத்திதான் அது தெரியாதவள்.

கழுத்தில் வைத்து அழுத்துகிற ஒரு கருவி தந்தார்கள். அது அதிர, வாயை அசைத்தால் பேச்சு வரும். எல்லா வார்த்தையும் ஒரே சுரத்தில் வரும். அப்பா அதைக் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் ஒரு முறை பயன்படுத்தினார். பிறகு பீரோவில் வைத்துவிட்டார்.

என்னிடம் பதிவு இருந்தது. கம்பெனியில் பம்ப் சத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது போலவே அதையும் பிரித்தேன். பெண்களின் குரலைக் குறைத்தேன், ஆர்கனைக் குறைத்தேன், கீழ்ப்பகுதியை மட்டும் ஏற்றினேன். ஒரு குரல் மேலே வந்தது. தடித்த, கொஞ்சம் சொரசொரப்பான குரல். அந்தக் கோப்புக்கு 'அப்பா' என்று பெயர் வைத்தேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். வெள்ளகோவிலிலிருந்து வந்த பெரியப்பா அழுதார். மில் நண்பர்கள் தலையை ஆட்டினார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா வந்த அன்றும் போட்டேன். அவர் குனிந்து கேட்டார். பாதியில் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா லேசாகத் தலையசைத்தார். "நல்லா வந்திருக்குதுங்க" என்றார் மாமா. டீயைக் குடிக்காமலே போய்விட்டார். அவருக்கு மனசு தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் இப்படி நடந்தது. ஈரோட்டிலிருந்து சித்தியும் பிள்ளைகளும் வந்துவிட்டுப் போன ஒரு மத்தியானம், அப்பா நாற்காலியின் கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஸ்பீக்கரைக் காட்டினார். மெதுவாக, எனக்காகவே மெதுவாக, உதட்டை அசைத்தார். எனக்குப் புரியவில்லை.

"என்னங்கம்மா சொல்றாரு?"

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். "அது நானில்லீங்கறாரு" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மொதல் தடவ, மொதல் வரியிலயே ஒடஞ்சு போச்சாமா. மத்தவிங்க பாட்டையும் கெடுத்துப்போடும்னு நிறுத்திட்டாராமா. அதுக்கப்புறம் வாய மட்டுந்தான் அசைச்சாராமா. பக்கத்துல அந்த மாமாதான் ரெண்டாளுக்குஞ் சேத்துப் பாடுனது."

"உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

"முன்னாலதான ஒக்காந்திருந்தேன். பாடற வாய் வேற கண்ணு, மில்லு வாய் வேற."

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் ஆசையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததால் அப்படியே விட்டுவிடலாம் என்று இருந்தார்களாம். ஆனால் மாமாவின் குரலைத் தன்னுடையது என்று ஊரையெல்லாம் கேட்க வைப்பது அப்பாவுக்கு நெஞ்சை உறுத்தியிருக்கிறது. மாமா வந்து போன நாளிலிருந்து தூக்கம் இல்லையாம்.

கொயரில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. அன்றைக்குக் குரல் சரியில்லையென்றால் வரிசையை விட்டு விலகக் கூடாது, வாயை மட்டும் அசைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஆள் குறையாது, கேட்கிறவர்களுக்குப் பாட்டு கெடாது. சளி பிடித்த வாரங்களில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். நல்ல பேஸ் என்றால் தனியாகக் காதில் விழக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அப்பா நல்ல பேஸ். தன் கடைசிப் பாட்டிலும் அப்படியே நடந்துகொண்டார். பதிவுக்காகத்தான் அத்தனை பேரும் அன்று கூடியிருந்தார்கள் என்பது அவருக்கு ஒரு காரணமாகப் படவில்லை. கையில் எடுத்த பாட்டு சுத்தமாக முடிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்ததிலிருந்து கேட்ட குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை நான் சுற்றி வளைக்காமல் எழுதியாக வேண்டும். ஒன்று, மூன்று மாதம் நோயைக் கேட்டு அதை வளர்ச்சி என்று குறித்து வைத்தேன். இரண்டு, ஆறு வாரம் வேறொருவரைக் கேட்டு அப்பா என்று பெயரிட்டேன். கேட்பதுதான் என் தொழில்.

அன்று மாலை அந்த அட்டவணையைத் தேடி எடுத்தேன். கடைசிப் பத்தியில் நான் சிவப்பு அடித்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தால், முதல் ஆமெனில், மற்ற எல்லோரும் வாயை மூடியிருக்க, அப்பா மட்டும் இரண்டு பார் பாடியிருப்பார். அந்த இடத்தில் வாயசைக்க முடியாது. அவருக்காகப் பாட யாரும் கிடையாது. உடைந்திருக்கும். உடைந்ததாக இருந்தாலும் அது அவருடையது. குரலைக் காப்பாற்ற வேண்டுமென்று, அந்தக் குரல் தனியாக நின்றிருக்கக்கூடிய ஒரே இடத்தை நானே அடித்துவிட்டேன். அப்பா விரலை வைத்துக் காட்டியும்.

கோப்பின் பெயரை மாற்றி மாமாவுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நாங் கொஞ்சம் கொறைச்சுப் பாடியிருக்கோணும் கண்ணு" என்றார். குறைத்திருந்தாலும் கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் ராத்திரி ஜெபம் நிற்கவில்லை. அம்மா வேதம் வாசிப்பார், நான் ஜெபம் செய்வேன், கடைசியில் அப்பா கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வார். கண்ணை மூடியிருந்தால் அவர் முடித்தது தெரியாது. முதல் சில நாள் நானும் அம்மாவும் வெவ்வேறு நேரத்தில் ஆமென் சொன்னோம். ஒரு நாள் அவர் இன்னும் பாதியில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அதிலிருந்து கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவருடைய உதடுகள் வழக்கத்தைவிட மெதுவாக அசைந்தன. பேச்சின் வேகம் இல்லை அது. ஒரு இடத்தில் வாய் திறந்தபடியே நின்றது. குறுக வேண்டிய எழுத்தில் நின்றது. எனக்கு உதடு படிக்கத் தெரியாது. ஆனால் நான்கு பாட்டின் நீளமும் நொடிக்கணக்கில் தெரியும். பழையது அப்படி நிற்காது. நீலாம்பரியில் ஆண்களுக்கு வார்த்தையே கிடையாது. வாலிபர் கூட்டத்துப் பாட்டு அவருக்குப் பிடிக்காது. அவர் இரண்டாவதைப் பாடிக்கொண்டிருந்தார்.

சமாதானம் என்ற வார்த்தை முடிந்து உதடுகள் மூடின. உயர்த்திய கை இறங்கவில்லை. அம்மா ஆமென் சொல்ல வாயெடுத்தார்; நான் அவர் முழங்காலில் கை வைத்து நிறுத்தினேன். அப்பாவின் வாய் தனியாகத் திறந்தது. கழுத்துத் துளையில் கட்டியிருந்த மெல்லிய துணி உள்ளே போய் வெளியே வந்தது. நான் எண்ணினேன். ஒரு பார், இரண்டு பார்.

அடுத்து ஆல்ட்டோ வர வேண்டும். அந்த இடத்தில் ஆல்ட்டோ தன் சுரத்தை பேஸிடமிருந்துதான் எடுக்கும். கேட்டுப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் தவறிவிடும் போலிருந்தது. ஏதோ ஒரு சுரத்தைக் குத்துமதிப்பாக எடுத்துப் பாடினேன்.